வச்சவன்தான் எடுக்கணும்

கண்ணு,

நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜை மூணு வாட்டி கேட்டேன். விசா வந்துடுச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை மஸ்கட்டுக்கு ஃபிளைட், பெங்களூருக்கு வரல, ஹோசூர்லருந்து நேரா சென்னைக்குப் போய் ஏறிக்கறேன், பெட்ரோல் டேங்கர் ஓட்டற வேலை, ரூமும் சாப்பாடும் அவங்களே குடுக்கறாங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு, கடைசியில ஒண்ணு சொன்னியே: "அந்த எலெக்ட்ரிக் வண்டியெல்லாம் நமக்கில்லமா. நம்ம ஜனங்க அதுக்கு ரெடி இல்ல. நான் ரெடின்னு நெனச்சேன், ஒரு உசுரு போச்சு." போன்ல பதில் சொல்லலாம்னு எடுத்தேன், வெச்சுட்டேன். போன்ல சொன்னா நான் அழுதுடுவேன், நீ கட் பண்ணிடுவே. அதான் எழுதறேன். எழுதி முடிச்சதும் கொரியர்ல போடறேன், வியாழக்கிழமைக்குள்ள உன் கைக்கு வந்துடும். இதுல உனக்குத் தெரிஞ்சதையும் எழுதுவேன், தெரியாததையும் எழுதுவேன். தெரிஞ்சதுலருந்து ஆரம்பிச்சாதான் தெரியாததைச் சொல்ல எனக்கு தைரியம் வரும். பாதியில கிழிச்சுப் போட்டுடாதே.

உங்கப்பா நம்மளை விட்டுட்டுப் போன வருஷம் உனக்கு மூணு வயசு. கோலார் தங்கவயல்ல எங்கப்பா வீட்ல உன்னை இடுப்புல வெச்சுக்கினு நின்னேன். எங்கப்பா சுரங்கத் தூசியில நெஞ்சு கெட்டு அப்பத்தான் செத்திருந்தாரு. அவரோட கூட வேலை பார்த்த தனராஜ் அண்ணன்தான், உன் மாமா, "நீ எதுக்கும்மா இங்க இருந்துகினு ஒப்பாரி வெக்கற, கெளம்பு"ன்னு பெங்களூர்ல இந்த ஜீவனஹள்ளிக்குக் கூட்டிக்கினு வந்தாரு. அவரும் மேரி அண்ணியும் இருந்த லைன் வீட்லயே, அவங்க பக்கத்து வீட்டை நமக்குப் பேசி விட்டாரு. ஓல்டு மெட்ராஸ் ரோட்ல பெட்ரோல் பங்க்ல எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததும் அவருதான். கூடப் பொறந்தவன் செய்யமாட்டான் அவ்வளவு. உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்து, விழுந்தப்போ தூக்கிவிடாம நின்னு சிரிச்சாரே, ஞாபகம் இருக்கா?

பங்க் வேலையில எனக்கு ஒரே ஒரு குறைதான். கையில பெட்ரோல் வாசனை போகவே போகாது. எத்தனை சோப்பு போட்டாலும் சரி. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒருநாள் ரசம்சோறு பிசைஞ்சு வாயில வெச்சேன், நீ மூஞ்சியைத் திருப்பிக்கினு, "மேரி அத்தை ஊட்டட்டும், உன் கை நாறுது"ன்னே. சுளீர்னு ஒரு அறை விட்டேன். அன்னிக்கு உன்னை அடிச்சது நீ சொன்னது பொய்னு இல்ல, நிஜம்னுதான். அதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு மன்னிப்பு கேக்கறேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, டாக்ஸி ஓட்ட நீ அந்த எலெக்ட்ரிக் காரை வாங்கினது எதுக்குன்னு எனக்குத் தெரியும்டா. ஊரே ஆஹா ஓஹோன்னுதுன்னு வாங்கல. அம்மா கை, சுரங்கத் தூசி தின்ன மாமா நெஞ்சு, ரெண்டையும் பார்த்து வளர்ந்தவன் நீ. புகையில்லாத வண்டி வேணும்னு உன் மனசுல இருந்துச்சு. அதுல ஒரு தப்பும் இல்ல.

வண்டி வந்த அன்னிக்கு மாமாவை முன்சீட்ல உக்கார வெச்சு உல்சூர் ஏரியைச் சுத்தி வந்தியே. நானும் அண்ணியும் பின்னால. அவரு மூச்சு வாங்கிக்கினே பேசிக்கினு வந்தாரு. "இன்னாடா பெரிய புதுசுன்ற, நான் சுரங்கத்துல ஓட்டுனதே பேட்டரி வண்டிதான்டா. கீழ டீசல் ஓட்டுனா புகையில அத்தனை பேரும் செத்துருவான், அதான் அப்பவே பேட்டரி. மேல இருக்கறவனுக்கு இப்பத்தான் மூச்சு முட்டுது போல"ன்னாரு. நீ சிரிச்ச சிரிப்புல வண்டி கொஞ்சம் ஒதுங்கிச்சு, அண்ணி உன் தலையில ஒண்ணு வெச்சாங்க. நம்ம ஜனங்க ரெடி இல்லன்னு சொல்றியே, அந்த ஆளு உனக்கு முன்னால ரெடியா இருந்தாருடா. பூமிக்கு அடியில இருட்டுல ரெடியா இருந்தாரு.

ரெடியா இல்லாதது எதுன்னு உனக்கே தெரியும். ஆறு வீட்டுக்கு ஒரே மீட்டர். எப்பவோ போட்ட ஒயர். ரெண்டு வீட்ல ஒரே நேரம் ஹீட்டர் போட்டா மெயின் பொட்டுனு விழுந்துடும், யாராவது எழுந்து போய்த் தூக்கிவிடணும். தனி மீட்டர் போட்டுக் குடுங்கன்னு நீயும் நானும் ஓனர் வீட்டுக்கு எத்தனை நடை நடந்தோம்! "நோடோணா, நோடோணா"ன்னாரு மனுஷன். பார்ப்போம் பார்ப்போம்னு பார்த்துக்கினே இருந்தாரு, இன்னும் பார்க்கறாரு. சார்ஜ் போடற ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு மெஷின்ல ஒண்ணு செத்துக் கெடக்கும், இன்னொண்ணுக்கு முன்னால டாக்ஸிக்காரங்க வரிசையா சீட்டை சாய்ச்சுப் படுத்திருப்பாங்க. அப்பார்ட்மெண்ட் ஒண்ணுல சவாரிக்காரங்களுக்காகக் காத்திருந்த நேரத்துல அங்க இருந்த பிளக்ல சொருகலாமான்னு கேட்டதுக்கு, வாட்ச்மேன் "ஹொரகடே ஹோக்ரீ"ன்னு வெளிய தொரத்துனான்னு வந்து சொன்னே. அப்புறம்தான் பதினஞ்சு ஆம்பியர் பிளக் ஒண்ணை நம்ம ஜன்னல்கிட்ட போட்டு, கேட்டுக்கு அடியில ஒயரை விட்டு, சந்துல நிக்கற வண்டிக்குக் குடுத்தே.

எங்க பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்க ஒருத்தர் எலெக்ட்ரிக் கார்ல வருவாரு, நல்ல மனுஷன்தான். ஒருநாள் கண்ணாடியை எறக்கி, "இன்னும் கொஞ்ச வருஷம்தான்மா, உங்க பங்க்கை மூடிடுவாங்க, ஜனங்க மாறத் தயாராகணும்"னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "தாராளமா மூடுங்க சார், இந்த நாத்தம் எனக்கு மட்டும் ஆசையா? மொதல்ல எங்க வீட்டுக்கு ஒரு மீட்டர் குடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே தயாராகறேன்"னேன். அவரு பாவம், சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அவருக்குக் கீழ பார்க்கிங்ல அவரு பேர் எழுதின பிளக் இருக்கும். நமக்கு இருந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்.

இந்த மக் விஷயத்துக்குத்தான் நான் வரணும். அந்த ஏற்பாட்டைப் பண்ணதே மாமா. சுரங்கத்துல ஒரு வழக்கமாம். மெஷினுக்குள்ள கை விடறவன் மொதல்ல ஸ்விட்சை அணைச்சுட்டு, அவன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அதுமேல மாட்டிட்டுத்தான் போவானாம். அந்த வில்லை தொங்கற வரைக்கும் மேஸ்திரியே வந்தாலும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. வேலை முடிச்சு வந்து மாட்டினவனே எடுக்கணும். "வச்சவன்தான் எடுக்கணும், மத்தவன் எடுத்தா அது கொலை"ம்பாரு. எங்கப்பாவும் இதையே சொல்லுவாரு, சின்ன வயசுலருந்து கேட்டு வளர்ந்தவ நான். மெயின் விழுந்து விழுந்து ஆறு வீடும் சண்டை போட்டப்போ, மாமா அந்த வழக்கத்தைத்தான் லைன் வீட்டுக்குக் கொண்டாந்தாரு. ஹீட்டரோ மோட்டாரோ போடறவங்க மீட்டர் பலகை மேல மக்கை வெக்கணும். மக் இருந்தா மத்தவங்க பெரிய லோடு எதுவும் போடக்கூடாது. முடிஞ்சதும் வெச்சவங்களே எடுக்கணும். எத்தனை வருஷம்! ஒருத்தரும் மீறல. உன் கார் வந்தப்புறமும் நீ மக்கை வெச்சுட்டுத்தான் சார்ஜ் போட்டே, பசங்க குளிக்கற நேரம் பார்த்து எடுத்துடுவே.

அப்புறம் மாமாவுக்கு மூச்சு ரொம்ப மோசமாகி, ஆக்ஸிஜன் மெஷின் வந்துச்சு. மெஷின் ஒண்ணும் பெரிய லோடு இல்ல. ஆனா அது ஓடும்போது வேற யாராவது எதையாவது போட்டு மெயின் விழுந்தா அதுவும் நின்னுடும். அதனால மத்தியானம் மெஷின் போட்டுக்கினு அவரு தூங்கற மூணு மணி நேரம் மக் அவங்களுது. கரண்ட் போனா இருக்கட்டும்னு சின்ன சிலிண்டர் ஒண்ணு பக்கத்துலயே இருக்கும்.

அந்தப் புதன்கிழமை காலையில நீ ஸ்டேஷன் வரிசையில அரை நாள் நின்னு, உன் முறை வரும்போது மெஷின் செத்து, வெறுங்கையோட வந்தே. சாயங்காலம் ஏர்போர்ட் சவாரி இருந்துச்சு, வண்டியில அங்க போய்ச் சேர்றதுக்கே சார்ஜ் இல்ல. போன்ல நீ அதைச் சொன்ன குரலைக் கேக்க எனக்கு சகிக்கல. நான் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது, சந்து முனையில மேரி அண்ணி ஆட்டோவுல ஏறுனதைப் பார்த்தேன். புதன்கிழமை மாமாவுக்கு செக்கப், ரெண்டு பேரும்தான் ஆஸ்பத்திரிக்குப் போறாங்கன்னு நெனச்சுக்கினேன். அண்ணி போனது காலியான சின்ன சிலிண்டரை மாத்திக்கினு வர. செக்கப்பை அந்த வாரம் தள்ளிப் போட்டிருந்தாங்க, அது எனக்குத் தெரியாது. கேட்டைத் தாண்டி வந்தா மீட்டர் பலகை மேல மக் இருக்கு. போற அவசரத்துல அண்ணி எடுக்க மறந்துட்டாங்கன்னு நானே முடிவு பண்ணேன். அவங்க கதவு சாத்தியிருந்துச்சு. நாலு அடி எடுத்து வெச்சு ஒரு தட்டு தட்டியிருக்கலாம். தட்டல.

நான்தான் மக்கை எடுத்தேன்டா.

எடுத்துத் துணி தொவைக்கற கல்லுமேல வெச்சேன். உள்ள வந்தேன். நீ கேட்டே, "மக் இல்லையாமா? மாமா மெஷின் டைமாச்சே?"ன்னு. "இல்லடா, அவங்க வெளிய போயிருக்காங்க, போடு, நமக்கு மக்கை நான் வெச்சுக்கறேன்"ன்னேன், வெக்கவும் இல்ல. மக் இருந்ததை நான் உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ போடமாட்டே, அதான் சொல்லல. நீ சொருகிட்டு வந்து படுத்தே, விடியக்காலம் எழுந்தவன், உடனே கண்ணை மூடிட்டே. கொஞ்ச நேரத்துல ஃபேன் நின்னுச்சு. அஞ்சாம் வீட்டுப் பொண்ணு அயர்ன் பாக்ஸ் போட்டுச்சாம், மக் இல்லன்னு பார்த்துட்டுத்தான் போட்டுச்சு. நீ தூக்கத்துலயே "கரண்ட் போச்சு போலருக்கு"ன்னே. "போனா வரும், தூங்கு"ன்னேன் நான். எங்கயோ கீ, கீன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. சந்துல டெம்போ ரிவர்ஸ் எடுக்குதுன்னு நெனச்சேன். அது அவரு மெஷின் கூப்பிட்ட சத்தம். அதைக் கேட்டுக்கினே புரண்டு படுத்தேன்.

அண்ணி போட்ட கூச்சல்லதான் ரெண்டு பேரும் எழுந்தோம். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். காருக்குப் போன ஒயரைப் பிடுங்கிட்டு, அதே வண்டியில மாமாவைத் தூக்கிப் போட நீ ஓடுனே, அதுக்கு அவசியமே இல்லாம போயிருந்துச்சு. தொவைக்கற கல்லுமேல மக்கைப் பார்த்துட்டு அண்ணி, "நான் வெச்சுட்டுத்தானே போனேன், இந்தப் பாழாப்போன பூனை தள்ளி உட்டுடுச்சா"ன்னு தலையில அடிச்சுக்கினாங்க. எல்லாரும் ஆமாம்னாங்க. நானும் ஆமாம்னேன். அந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே மாத்தியிருக்கணும். அடக்கம் முடியட்டும்னேன், முப்பதாம் நாள் முடியட்டும்னேன். அதுக்குள்ள நீ வண்டியை வித்துட்டு, யார் மூஞ்சியையும் பார்க்காம ஹோசூர் போய் டீசல் லாரியில ஏறிட்டே. எட்டு மாசம் ஆச்சு. என் கார்தான் மாமாவைக் கொன்னுச்சுன்னு நீ நெனச்சுக்கினு இருக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கினு இருந்தேன். பெத்தவ செய்யற காரியமா இது? அண்ணி மூஞ்சியில முழிக்க முடியாதுன்னு பயம், அவ்வளவுதான். உன்னைப் பலி குடுத்து நான் பொழைச்சேன்.

எட்டு மாசமா தினமும் மத்தியானம் அண்ணி அந்த மக்கை மீட்டர் பலகை மேல வெக்கறாங்க, மூணு மணி நேரம் கழிச்சு எடுக்கறாங்க. மெஷினைத் திருப்பிக் குடுத்தாச்சு, ஆளும் இல்ல. ஆனா மக் இருக்கற வரைக்கும் ஆறு வீட்லயும் ஒருத்தரும் ஒண்ணும் போடறதில்ல. நான் ஷிப்ட் முடிச்சு வந்து தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போறேன்.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல, ஆனாலும் பெத்த வாய் சும்மா இருக்காது. மஸ்கட்டுக்குப் போ. வேணாம்னு சொல்லல. ஆனா டேங்கர் பின்னால ஏறும்போது மூக்கைக் கட்டிக்கோ, அந்த நாத்தத்துல நான் இருபது வருஷம் நின்னவ. திரும்பி வந்து மறுபடியும் பேட்டரி வண்டி வாங்கணும்னு தோணுனா வாங்கு, ஜனங்க மேல பழி போட்டு வேணாம்னு சொல்லாதே. ஜனங்க அவங்களால முடிஞ்ச ஏற்பாட்டைப் பண்ணி வெச்சிருந்தாங்க, ஒரு மக்கை வெச்சே ஆறு வீடும் ஓட்டுச்சு. குடுக்கவேண்டியவங்க ஒரு நல்ல ஒயர் குடுக்கல, அது அவங்க பாவம். அந்த ஏற்பாட்டையும் ஒருத்தி மீறுனா, அது என் பாவம். இதுல உன் கணக்குல ஒண்ணும் இல்ல. ஓனர் பேரைச் சொல்லி நானும் தப்பிச்சுக்கலாம்னு இந்த எட்டு மாசத்துல நெறைய வாட்டி நெனச்சிருக்கேன். முடியல. ஒயர் பழசுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதானே மக் வெச்சோம்.

இதுவரைக்கும் நேத்தே எழுதி முடிச்சுட்டேன். உனக்கு அனுப்பறதுக்கு முன்னால இதை அண்ணிகிட்ட படிச்சுக் காட்டணும்னு தோணுச்சு. இன்னிக்கு லீவு போட்டுட்டு மத்தியானம் போனேன். வாசல்ல உக்காந்து அவரைக்காய் உரிச்சுக்கினு இருந்தாங்க. "புள்ளைக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன் அண்ணி, கேளுங்க"ன்னேன். "படி, படி, எப்ப வர்றானாம்?"னாங்க சந்தோஷமா. ஏரி சுத்துனதைப் படிக்கும்போது சிரிச்சாங்க, உன் தலையில அடிச்சது அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. நான் மக்கை எடுத்ததைப் படிச்சப்போ கை நின்னுடுச்சு. நான் நிறுத்தல, நிறுத்துனா மறுபடியும் படிக்கமாட்டேன்னு தெரியும். முழுசும் படிச்சு முடிச்சேன்.

அண்ணி அவரைக்காயை ஒரு பக்கமா தள்ளி வெச்சாங்க. அப்புறம், "அந்தப் பூனைக்கு எட்டு மாசமா ஒரு மீன்முள்ளு போடல நான். கல்லால அடிச்சு அதுக்குக் கால் போச்சு"ன்னாங்க. நான் அவங்க காலைப் பிடிக்கப் போனேன். காலை இழுத்துக்கினாங்க. "புள்ளைய வரச்சொல்லு. அவன் மேல எனக்கு அன்னிக்கும் ஒண்ணும் இல்ல, இன்னிக்கும் இல்ல. அவன் மாமா போட்டோ முன்னால ஒருவாட்டி நின்னுட்டுப் போகட்டும், இந்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிப் பருப்பு குழம்பு வெக்கறேன். நீ என் வாசப்படி ஏறாத." இவ்வளவுதான் சொன்னாங்க. எழுந்து போய் மீட்டர் பலகை மேல இருந்த மக்கை எடுத்தாங்க. மூணு மணி நேரம் இன்னும் ஆகல. "வச்சவ நான், நானே எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கினாங்க. இப்போ பலகை காலியா இருக்கு. ஹீட்டர் போட யாருக்கும் கை வரல.

சனிக்கிழமை ஹோசூர்லருந்து பஸ் ஏறு கண்ணு, ரெண்டு மணி நேரம்தான். சாயங்காலம் சென்னைக்கு வண்டி பிடிச்சுக்கலாம். சந்துக்குள்ள வந்ததும் நம்ம வீட்டைத் தாண்டி நேரா அத்தை வீட்டுக்குப் போ. அவங்க கையால சாப்பிடு. அதுக்கப்புறமும் உனக்கு மனசு வந்துச்சுன்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. வரலன்னா தட்டாம போ, நான் ஜன்னல்லருந்து பார்த்துக்கறேன்.

அம்மா